ட்ரையாங்கிளைத் தொடாதீர்கள்: இரண்டாம் முறை எழுதித் தேறியவனின் குறிப்பு

சென்ற வாரம் முடிவு வந்தது. ஒலிப்பொறியியல் பட்டயத்தின் கடைசிச் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறையாக எழுதித் தேறிவிட்டேன். முதல் முறை தோற்றதற்குக் காரணம் கருவியும் அன்று, நேரமும் அன்று. என் காதின் மேல் எனக்கிருந்த வீண் நம்பிக்கைதான். பழைய வீடியோ கேம் இசையை மூலக் கருவியிலிருந்து மறுபதிவு செய்யும் பிரிவை எடுப்பவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

கீழக்கரையில் என் வயதுப் பிள்ளைகள் பலரைப் போல நானும், மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டி.வி. கேமில்தான் அந்த இசையைக் கேட்டு வளர்ந்தேன். அது 1983-இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ விளையாட்டுக் கருவியின் நகல் என்பது படிக்க வந்த பிறகே தெரிந்தது. மெட்டை ஒலிக்கும் சதுர வடிவப் பல்ஸ் அலை ஒரு சுழற்சியில் மேலே நிற்கும் நேரமே அதன் அகலம். அத்தகைய நகல்கள் பலவற்றில் பல்ஸ் அலையின் 25 விழுக்காட்டு அகலமும் 50 விழுக்காட்டு அகலமும் இடம் மாறியிருக்கும். மெலிந்து ஒலிக்க வேண்டிய மெட்டு தடித்து ஒலிக்கும். போதாக்குறைக்கு, நொடிக்கு 60 பிரேமுக்கு எழுதிய இசை நம் ஊர்த் தொலைக்காட்சியின் 50 பிரேமில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். இந்த நினைவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சரியாகப் பதிவாகியிருந்த ஒலியை நான் "திருத்தினேன்". அடித்தளம் (பேஸ்) மெலிவாகத் தோன்றியதால், அதை ஒலிக்கும் ட்ரையாங்கிள் (முக்கோண அலை) சானலின் ஒலியளவையும் ஏற்றிவிட்டேன். தேர்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒலியளவுக் கட்டுப்பாடே இல்லாத சானலை எப்படி ஏற்றினீர்கள்?" ஃபேமிகாமின் ஒலிச்சிப்பில் ட்ரையாங்கிள் ஒலிக்கும் அல்லது ஒலிக்காது, இடைப்பட்ட நிலைக்கு அதனிடம் கட்டளையே இல்லை.

இரண்டாம் முறை நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வழி. முழு இசையையும் முதலில் ஒரே ஓட்டமாகப் பதிந்து, அதையே சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். சானல்களைத் தனித்தனியாகப் பதிந்து கூட்டினால் அதே சமநிலை கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஃபேமிகாமின் கலவை நேர்விகிதமானது அன்று. இரண்டு பல்ஸ் சானல்களும் முழு அளவில் சேர்ந்து ஒலிக்கும்போது கிடைக்கும் உச்சத்தைவிட, அவற்றைத் தனியே பதிந்து கூட்டினால் கிடைப்பது ஏறத்தாழ 1.3 டெசிபெல் மிகுதி. பதிந்த ஒலித்துண்டுகளை ஒலிக்கும் சாம்பிள் சானலின் அளவு உயர்ந்தால் ட்ரையாங்கிளும், இரைச்சல் ஒலி தரும் நாய்ஸ் சானலும் தாமாகத் தணியும். இசையமைப்பாளர்கள் சிலர் இதையே உத்தியாகவும் கையாண்டார்கள். ஆகவே தனிப்பதிவுகளைச் சான்றோடு ஒப்பிட்டு, இடத்துக்கு இடம் ஒலியளவை இறக்க வேண்டும். எனக்கு இதற்கே மூன்று இரவுகள் ஆயின. பகலில் கேட்கும் பொறுமை எனக்கில்லை, உங்களுக்கு இருக்கலாம்.

மற்றவை:

- பதிவளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பதிவு முடியும்வரை அதைத் தொடக்கூடாது.
- எந்த டிராக்கையும் நார்மலைஸ் செய்யாதீர்கள், அதாவது உச்ச அளவுக்குத் தானாக ஏற்றாதீர்கள்.
- உச்சத்தில் 6 டெசிபெல் இடம் விட்டு, 24 பிட்டில் பதியுங்கள்.
- மின் இரைச்சல் புகாதிருக்க, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதியுங்கள்.
- எங்கள் கடற்கரையில் இருப்பவர்களுக்கு: உப்புக் காற்றில் கார்ட்ரிட்ஜ் பின்கள் பச்சை பூத்துவிடும். உம்மா பரணில் எடுத்துவைத்திருந்தவை எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் சேரும்.

வாய்மொழித் தேர்வில், சில கார்ட்ரிட்ஜுகளுக்குள் இருக்கும் கூடுதல் ஒலிச்சிப்புகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கொனாமி நிறுவனத்தின் விஆர்சி6 சிப் இரண்டு பல்ஸையும் ஒரு ரம்பப்பல் அலையையும் சேர்க்கிறது. ஃபேமிகாமின் கார்ட்ரிட்ஜ் வழியாகவே ஒலி போய்வருவதால் அது அங்கே கலக்கிறது. அதே கருவியின் அமெரிக்க வடிவத்தில் அந்த வழி கார்ட்ரிட்ஜிலிருந்து அடிப்பக்கத்து இணைப்பானுக்குப் போய் நின்றுவிடுகிறது. அங்கே மின்தடை வைத்து இணைப்பவர்களின் பதிவில், அந்தத் தடையின் மதிப்பே சமநிலையைத் தீர்மானிக்கிறது. ஆகவே அத்தகைய பதிவைச் சான்றாகக் காட்டாதீர்கள். இதை நான் சொன்னதும் தேர்வாளர் தலையசைத்தார்.

ஆனாலும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்காக நான்கு மதிப்பெண் குறைத்தார்கள். என் பதிவில் அது இல்லை. ஒலிபெருக்கியோடு இணைத்திருந்த அவர்களுடைய மடிக்கணினி சார்ஜரில் இருந்தது. மறுமதிப்பீட்டுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை.