வெளியீட்டு விழாவில் இன்டர்னுக்கு ஏற்ற இடம் புத்தக மேசை

பதிப்பகத்தில் இன்டர்னாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே புதுச்சேரியில் ஏதாவது ஒரு நூல் வெளியீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மேடைப் பக்கம் நிற்கத்தான் ஆசை. அங்கே பொன்னாடையை எடுத்து நீட்டுவதோடு வேலை முடிந்துவிடும். “புத்தக மேசையைப் பாத்துக்கிறேன்” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தாளர், அச்சகக்காரர், விநியோகஸ்தர், மொழிபெயர்ப்பாளர் என்று வருகிற எல்லாரும் ஒரு முறையாவது அந்த மேசையைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள்.

விழா ஞாயிறு மாலை என்றால், காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் நடக்கும். புத்தகக் கட்டு ஏற்றிய ஆட்டோ அதற்குள் மாட்டினால் நகராது. கடற்கரைச் சாலையை ஒட்டிய அரங்கம் என்றால் மாலை 6 மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். புத்தகம் 4 மணிக்கே உள்ளே போய்விட வேண்டும்.

போனதும் எல்லாக் கட்டையும் பிரித்துப் பரப்பாதீர்கள். அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் லேமினேஷன் என்கிற பிளாஸ்டிக் படலம் இருக்கும். உள்பக்கக் காகிதம் கடல் காற்றின் ஈரத்தை இழுத்து விரியும், பிளாஸ்டிக் விரியாது, அதனால் அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு நிற்கும். பத்துப் பிரதிகளை வெளியே வையுங்கள். மீதி கட்டிலேயே, மேலே கனத்தோடு இருக்கட்டும். முந்தின நாள்தான் பைண்டிங்கிலிருந்து வந்த புத்தகம் என்றால், யாரும் முதுகை மடக்கி விரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பசை சரியாக இறுகியிருக்காது, நடுப் பக்கம் கையோடு வந்துவிடும்.

சில்லறைதான் பெரிய தலைவலி. விலை 180 ரூபாய், 10% கழிவு என்றால் 162. அந்த 2 ரூபாய்க்கு வரிசையே நின்றுபோகும். 160 என்று வைத்துக்கொள்ள முன்கூட்டியே பதிப்பாளரிடம் அனுமதி வாங்குங்கள். 200 நீட்டுகிறவருக்கு இரண்டு 20 ரூபாய்த் தாள், 500 நீட்டுகிறவருக்கு அதோடு மூன்று 100. நாற்பது 20 ரூபாய்த் தாளும் பதினைந்து 100 ரூபாய்த் தாளும் கையில் இருந்தால் ஒரு மாலை ஓடிவிடும். ஜிபே பணம் பெரும்பாலும் பதிப்பாளரின் கணக்குக்குப் போகும், அவரோ மேடையில் இருப்பார். வாங்கியவர் காட்டும் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பில் புத்தகத்தில் குறித்துக்கொண்டால் இரவில் சரிபார்க்கலாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

வெளியிடும் பிரதியை வண்ணத்தாளில் சுற்றும்போது செல்லோடேப் ஒரு துண்டு போதும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டு, சிறப்பு விருந்தினர் நகத்தால் பிராண்டுவதைப் போட்டோவில் பார்க்க வேண்டாமே.

நன்றியுரை முடிந்து டீ வரும் அரை மணி நேரம்தான் உண்மையான சந்திப்பு. கடலூர்க்காரர்கள் பேருந்து பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள், அவர்களோடு முதலில் பேசிவிடுங்கள். அச்சகக்காரர் வந்தால் பாரக் கணக்கைக் கேளுங்கள். பாரம் என்றால் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கிற பக்கங்களின் தொகுப்பு. ஒரு பாரம் 16 பக்கம் என்றால் 144 பக்கம் சரியாக 9 பாரம். 150 பக்கம் என்று போய் நின்றால் முகம் சுளிப்பார். ஆறு பக்கத்தை எடிட்டிங்கில் குறைப்பதா, 160 ஆக்குவதா என்று அவரிடமே கற்றுக்கொள்ளலாம். டீ கிளாஸை மட்டும் மேசைக்கு வரவிடாதீர்கள்.

இந்த ஊரில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புப் பேச்சு நிச்சயம் வரும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, பிரான்சில் பொதுவாக 70. 1960-இல் இறந்த பிரெஞ்சு எழுத்தாளர் அல்பெர் காம்யு உயிரோடு இருந்தபோது வெளிவந்த நூல்களுக்கு இங்கே 2020-ஓடு உரிமை முடிந்துவிட்டது. ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருவதென்றால், அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு ஆர்வம் குறைகிறவர்களும் உண்டு, நேரே பிரெஞ்சிலிருந்தே செய்வதாகச் சொல்கிறவர்களும் உண்டு. பின்னவர்களின் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் பிரதியோடு வருகிறவர்களிடம்தான் வாய் தவறும். “நல்லா இருக்கு சார், போட்டுடலாம்” என்று மரியாதைக்குச் சொன்னாலும் அது வாக்குறுதி. அந்தப் பிரதியையும் கையில் வாங்காதீர்கள். தொலைந்தால் பழி உங்கள் மேல். “ஆசிரியர் குழுவுக்கு மெயில்ல அனுப்புங்க, யூனிகோடுல இருந்தா வசதி” என்பதோடு நிறுத்தவும். பழைய எழுத்துருவில் வரும் கோப்பை மாற்றும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் குழம்பும். அதைத் திருத்துவதும் கடைசியில் இன்டர்ன் தலையில்தான் விழும்.

கிளம்புமுன் நான்கு எண் எழுதுங்கள்: வந்தது, விற்றது, இலவசம், மீதி. 100 வந்து 46 விற்று 31 மீதி என்றால் இலவசத்தில் 23 இருக்க வேண்டும். மேடைக்கு 8, மதிப்புரைக்கு 5, எழுத்தாளர் பிரதி 6 என்று 19 வரைக்கும் எழுதிவைத்திருப்பீர்கள். மிச்சம் 4, “அப்புறம் தரேம்மா” என்று எடுத்துப்போன எழுத்தாளரின் சொந்தக்காரர்கள். அவர்கள் பெயரை அப்போதே குறித்துவைத்தால் எழுத்தாளர் கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.