வரத்துக்கால் போன பிறகு

எங்கள் ஊர் முதுகுளத்தூர் வட்டாரத்தில் இருக்கிறது. அரசு ஊழியரை மிரட்டுகிறவர்கள் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று சொல்வார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் சீமைதான். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிற மண்ணுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. அந்த மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாள் அடைமழையாகக் கொட்டி ஓய்ந்துவிடுகிறது. வைகையோ எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் வற்றிவிடும் ஆறு. ஆகவே, கொட்டுகிற சில நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களில் பிழைப்பு. அதற்காகத்தான் மேட்டுக் கண்மாயின் (பாசன ஏரியின்) கலுங்கு, அதாவது உபரி நீர் வெளியேறும் வழி, வழிந்தால் அடுத்த கண்மாய் நிறையும்படி முன்னோர் சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். நாரையாலும் பறந்து கடக்க முடியாத அளவுக்குப் பரந்தது என்ற பொருளில், ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயை இன்றும் சொல்கிறோம். மடை என்பது கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு விடும் மதகு.

குடிநீருக்கு ஊருணி. செருப்புக் காலோடு யாரும் அதில் இறங்க மாட்டார்கள். துணி துவைப்பதும் மாடு குளிப்பாட்டுவதும் வேறு குட்டையில். அப்பத்தா மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி, கலங்கலாக இருக்கும் ஊருணித் தண்ணீரை அதில் ஊற்றி வைப்பார். விடிவதற்குள் வண்டல் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும். கிணறு தோண்டினால் உப்புதான் கிடைக்கும் என்பதால், அந்த ஊருணியை ஊரே கண்காணித்தது.

பிறகு காவிரி வந்தது. திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவரும் 616 கோடி ரூபாய்க் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் எவனும் அதைக் குறை சொல்லத் துணிய மாட்டான். ஆனால், தெருவில் குழாய் வந்த சில ஆண்டுகளிலேயே ஊருணிக்குக் காவல் போயிற்று. கரையில் குப்பை விழுந்தபோது கேட்பாரில்லை. கோடையில் குழாயில் காற்று மட்டும் வரும் வாரங்களில்தான் எங்களுக்கு ஊருணியின் நினைவு வந்தது. ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. தொலைவில் ஓடும் ஓர் ஆற்றை மட்டும் நம்பி அந்தக் கணக்கை எழுதக் கூடாது என்பதே என் கவலை.

கண்மாய்களைக் கவனிக்காமல் இல்லை என்று அரசு சொல்லும்; அது உண்மைதான். ஊராரே கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் பழைய வழக்கமான குடிமராமத்தின் பெயரிலேயே 2017இல் ஒரு திட்டம் வந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ பாசனக்காரர்கள் தர வேண்டும் என்றும் வைத்தார்கள். நல்ல எண்ணம். எங்கள் கண்மாயிலும் இயந்திரம் இறங்கியது; கரை உயர்ந்தது, உள்ளே ஆழமான பள்ளம் விழுந்தது. மடையின் வாய்க்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. எங்கள் பகுதியில் அளவு மீறித் தோண்டினால் உப்பு நீர் மேலேறும் அபாயமும் உண்டு. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, தண்ணீர் வர வேண்டிய வரத்துக்காலை யாரும் தொடவே இல்லை என்பது.

வரத்துக்கால்தான் கண்மாயின் உயிர். அது எங்கள் ஊர் எல்லையோடு முடிவதில்லை. மேற்கே மூன்று ஊர்களைக் கடந்து வருகிறது. ஓரிடத்தில் சாலை போட்டவர்கள் சிறிய குழாயைப் பதித்துவிட்டுப் போனார்கள். ஓரிடத்தில் பட்டா நிலத்தோடு கால்வாய் கலந்துவிட்டது. மீதி முழுவதும் சீமைக் கருவேலம். அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரெங்கும் வெட்டினார்கள். வேரோடு பிடுங்காத இடங்களில் மீண்டும் துளிர்த்து அடர்ந்துவிட்டது. (அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் பல உண்டு, மாற்று வழி காட்டாமல் அந்த மரத்தை ஒழிப்போம் என்று பேச எனக்கு மனம் வரவில்லை.)

இதைச் சரிசெய்ய ஒரே கை இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் கண்மாய் பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறையிடம், அதைவிடச் சிறிய கண்மாய் ஊராட்சி ஒன்றியத்திடம், நில ஆவணமோ வருவாய்த் துறையிடம். வரத்துக்காலைப் பற்றி மனுக் கொடுக்கப் போனபோது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. அங்கே போனால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒரு கண்மாய்க்கு ஒரு மதிப்பீடு என்று பணம் ஒதுக்குவதை விட்டுவிட்டு, ஒரு சங்கிலியில் உள்ள எல்லாக் கண்மாய்களையும் கால்வாய்களையும் ஒரே வேலையாக எடுக்க வேண்டும். மடை திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சிக்கு முன்பு அறுவடையில் நெல் அளந்தோம். இன்று அவருக்கு ஊராட்சி வழியே மாதச் சம்பளம் தர வேண்டும்.

போன புரட்டாசியில் எங்கள் ஊர் நீர்பாய்ச்சியோடு வரத்துக்கால் நெடுக நடந்தேன். எழுபது வயதைக் கடந்தவர். முள் அடைத்த ஓரிடத்தில் நின்று, “இதுல ஆளு முங்குற அளவுக்குத் தண்ணி வரும் தம்பி” என்றார். அரிவாளை எடுத்து முடிந்தவரை வெட்டினோம். இருட்டுவதற்குள் இருபதடி கூடத் துலங்கவில்லை.