பூவரசன்பட்டித் தீவு எந்த நாள்ல அழிஞ்சுச்சு?

தனுஷ்கோடின்னு யூட்யூப்ல தேடிப் பாருங்க, பேய் நகரம், அழிந்த நகரம், ஒரே இரவில் காணாமல் போன ஊர், இப்படித்தான் வரிசையா தலைப்பு வரும், பின்னாடி ஒரு சோக மியூசிக், இடிஞ்ச சர்ச்சுக்கு மேல ட்ரோன் ஷாட், முடிஞ்சுது. எனக்கு ரொம்ப வருஷமா இது உறுத்திக்கிட்டே இருக்கு. அந்த ட்ரோன் கொஞ்சம் திரும்புனா ஓலை வீடு தெரியும், காயப்போட்ட வலை தெரியும், மணல்ல ஊத்துத் தோண்டி குடத்துல தண்ணி மொள்ளுற பொம்பளைங்க தெரிவாங்க, சுத்தி ரெண்டு பக்கமும் உப்புக்கடல் ஆனா ரெண்டு மூணு அடி தோண்டுனா நல்ல தண்ணி வர்ற மண்ணு அது. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படிக்குது. அந்தப் பக்கம் கேமரா போறதே இல்ல, போனா "அழிந்த நகரம்"னு தலைப்பு வைக்க முடியாதுல்ல.

இந்த உறுத்தல்தான் என்னை உலக அழிவுங்கிற விஷயத்தையே துருவித் துருவிப் படிக்க வச்சுது. மனுசங்களுக்கு ஏன் இந்தக் கதை இவ்வளவு வேண்டியிருக்கு, யாருக்கு வேண்டியிருக்கு, யாரு சொல்றாங்க. படிக்கப் படிக்க ஒரு விஷயம் கெட்டியாச்சு. உலகம் அழியுறதுன்னா ஒரே ராத்திரியில, பெரிய சத்தத்தோட, எல்லாருக்கும் ஒண்ணா நடக்கணும்னு நாம பழகி வச்சிருக்கோம். அப்படிப் பழகுனதாலேயே நிஜமா அழியுறது கண்ணுக்குப் படாமப் போயிருது.

1962 பிப்ரவரில அஷ்டகிரக சேர்க்கைன்னு ஒண்ணு வந்துச்சு, உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. எட்டு கிரகம் மகர ராசில ஒண்ணு கூடுது, உலகம் முடிஞ்சுதுன்னு நாடு முழுக்க யாகம், பூஜை, பஜனை, ஜனங்க தூங்காம உக்காந்திருந்தாங்க. ஒண்ணும் ஆகல. அதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட மூணு வருஷம் போயி 1964 டிசம்பர் 22 ராத்திரி எந்த ஜோசியக்காரரும் நாள் குறிக்காத புயல் வந்துச்சு. பாம்பன்ல இருந்து கிளம்புன பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்கு ஒட்டி வந்துட்டு அப்படியே கடலுக்குள்ள போச்சு, அதுல இருந்த யாருமே பிழைக்கல. மொத்தம் 1,800 பேருக்கு மேல செத்துட்டாங்கன்னு கணக்கு சொல்றாங்க, பேரு எழுதாத கூலி ஜனங்களும் யாத்திரைக்கு வந்தவங்களும் அந்தக் கணக்குல எவ்வளவு வந்தாங்கன்னு யாரு கண்டா.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பாம்பன் ரயில் பாலம் அந்தப் புயல்ல ஒடஞ்சு தொங்குச்சு, ஸ்ரீதரன்ங்கிற இளம் இஞ்சினியர் கையில வேலையைக் குடுத்தாங்க, 46 நாள்ல பாலத்தை சரி பண்ணி ரயில் விட்டாங்க. பெரிய சாதனைதான், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அதே புயல்ல போன தனுஷ்கோடி ரயில் பாதையை திரும்பப் போடவே இல்ல, ஊரை மனுசங்க வாழத் தகுதியில்லாத இடம்னு சர்க்கார் அறிவிச்சுச்சு. ராமேஸ்வரம் கோயிலுக்கு ஜனங்க வரணும், அதனால பாலம் வேணும். தனுஷ்கோடில இருந்தவங்க யாரு, வலைக்காரங்க, போர்ட்டர், சின்னக் கடை வச்சிருந்தவங்க. புயல் ஊரை இடிச்சுச்சு சரி, ஆனா ஊரு செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணுனது காகிதம். அந்தக் காகிதம் வந்த பிறகு அங்க திரும்பிப் போயி குடிசை போட்டவங்க கணக்குல இல்லாத ஜனங்க ஆயிட்டாங்க. கணக்குல இல்லாத ஊருக்கு எதுக்கு கரண்ட்டு, எதுக்கு ஆஸ்பத்திரி. பல பத்து வருஷம் மண்ணெண்ணெய் விளக்குலயே ஓடுச்சு. தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு 2017ல தான் வந்துச்சு, அதுவும் யாருக்காக வந்துச்சுன்னு அந்த ரோட்டுல வரிசையா நிக்கிற டூரிஸ்ட் வேனைப் பாத்தாலே தெரியும்.

அங்க சங்கு மாலை விக்கிற ஒரு அக்காகிட்ட காலேஜ் பசங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்க, ஏன்க்கா இது செத்த ஊருன்னு சொல்றாங்களே இங்க எப்படி இருக்கீங்கன்னு. அந்த அக்கா, "செத்த ஊர்ல தாம்ப்பா எம்புள்ள பொறந்தான், நீ மாலை வாங்குறியா இல்லியா"ன்னாங்க. பசங்க சிரிச்சிட்டாங்க, அக்கா சிரிக்கல.

இதுல இருந்து மேற்கால போவோம், பைபிள்ல கடைசிப் புத்தகம், கத்தோலிக்கர் திருவெளிப்பாடுன்னு சொல்றது. தங்கச்சிமடத்துல என் சிநேகிதி வீட்டுலதான் நான் அதை முழுசா உக்காந்து படிச்சேன். மிருகம், ஏழு முத்திரை, நெருப்பு ஏரி இதெல்லாம்தான் எல்லாருக்கும் தெரியும், ஆனா அது பத்மு தீவுல இருந்த யோவான்ங்கிறவர் ரோமப் பேரரசுக்குக் கீழ கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்த சபைகளுக்கு எழுதுனது. பாபிலோன்னு அவர் திட்டுறது ரோமைத்தான்னு அறிஞர்கள் நிறைய பேர் சொல்றாங்க. பதினெட்டாம் அதிகாரத்துல அந்த நகரம் விழும்போது வியாபாரிங்க அழுவாங்க, இனிமே எங்க சரக்கை யாரு வாங்குவான்னு. சரக்குப் பட்டியல் நீளமா வரும், பொன், வெள்ளி, முத்து, பட்டு, வாசனைப் பொருள், கடைசில மனுச உயிர்.

முத்துன்னு படிச்ச உடனே நான் நிமிர்ந்து உக்காந்துட்டேன். அந்தக் காலத்துல ரோமுக்கு முத்து எங்கேருந்து போச்சு? மன்னார் வளைகுடால இருந்தும் போச்சு. கொற்கைக் கடல்ல தண்டனைக் கைதிங்களை விட்டு முத்துக் குளிக்க வச்சாங்கன்னு கிட்டத்தட்ட அதே நூற்றாண்டுல ஒரு கிரேக்க மாலுமி எழுதி வச்சிருக்காரு. நம்ம அழகன்குளத்துல தோண்டுனா ரோமக் காசு, ரோமப் பானை ஓடு கிடைக்குது. அப்படின்னா அந்தப் பட்டியல்ல இருக்குற முத்துலயும், எனக்கு இது உறுதியாத் தோணுது, நம்ம கடல்ல மூச்சுப் பிடிச்சு முங்குனவனோட உயிர் கொஞ்சம் இருக்கு. உலகம் முடியணும்னு அந்தப் புத்தகம் கேட்டது ஒடுக்கப்பட்டவங்க குரல்ல. எந்த உலகம் முடியணும்னா முத்தையும் மனுசனையும் ஒரே பட்டியல்ல வச்சு விக்கிற உலகம். பின்னாடி அதே புத்தகத்தை ராஜாக்களும் படையெடுத்தவங்களும் கையில எடுத்து எதிரியை மிருகம்னு சொல்லப் பயன்படுத்துனாங்க, அது வேற பெரிய கதை.

நம்ம பக்கத்துல பிரளயம்ங்கிறது சுத்தி சுத்தி வர்றது, கலியுகம் மொத்தம் 4,32,000 வருஷம், அதுல இப்பதான் அஞ்சாயிரத்துச் சொச்சம் போயிருக்கு. எங்க அப்பத்தா எது நடந்தாலும் கலி முத்திருச்சும்பாங்க, அதுல பயம் இருக்காது, ஒரு கோபம்தான் இருக்கும். கீழக்கரை தோழியோட உம்மா கியாமத்து நாளைப் பத்திப் பேசும்போது ஒரு ஹதீஸ், அதாவது நபி சொன்னதா வர்ற வாக்கு, சொன்னாங்க, இறுதி நாள் வந்துட்டாலும் உங்க கையில ஒரு கன்னு இருந்தா அதை நட்டுடுங்கன்னு. எல்லா மதத்துலயும் அழிவுக் கதை இருக்கு, ஆனா நான் கேட்டதுலயே என் மனசுல அப்படியே தங்குனது இதுதான். நிழல் தராது, காய் தராது, தெரிஞ்சும் நடுறது.

இப்ப விஞ்ஞானிகள் பக்கம். அமெரிக்காவுல அணு விஞ்ஞானிகள் பத்திரிகை ஒண்ணு 1947ல ஒரு கடிகாரம் வச்சாங்க, நள்ளிரவு அடிச்சா உலகம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்ப 7 நிமிஷம் பாக்கி, 1991ல பனிப்போர் முடியும்போது 17 நிமிஷம், 2025 ஜனவரில 89 செகண்ட். அணுகுண்டு பயம் நியாயமான பயம், அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். ஆனா அந்தக் கடிகாரத்துல எல்லாருக்கும் ஒரே நள்ளிரவுதான் இருக்கு. அங்கதான் எனக்கு இடிக்குது.

ஏன்னா மன்னார் வளைகுடால தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு இருந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அதுல ரெண்டு இப்ப தண்ணிக்குள்ள. ஒண்ணு தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லி, இன்னொண்ணு நம்ம கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. புயல் வந்து கொண்டு போகல. தீவைச் சுத்தி இருந்த பவளப்பாறையை வருஷக்கணக்கா ஒடச்சு வல்லத்துல ஏத்தி சுண்ணாம்புக்கும் ஃபேக்டரிக்கும் வீடு கட்டவும் வித்தாங்க, அலையைத் தடுக்க பார், அதாவது கடலுக்குள்ள இருக்குற பாறைத் திட்டு, இல்லாமப் போச்சு, கடல் கொஞ்சம் கொஞ்சமா மணலை அரிச்சு எடுத்துக்கிச்சு. 1986ல அந்தக் கடல் தேசியப் பூங்கா ஆச்சு, பவளத்தை காட்டுயிர் சட்டத்துல ரொம்பக் கடுமையான பாதுகாப்பு தர்ற முதல் அட்டவணைல சேத்தது 2001ல. ஒடச்சவங்களும் நம்ம ஜனங்கதான், கூலிக்கு ஒடச்சாங்க, லாபம் பாத்தவன் கரையில மாடி வீட்டுல இருந்தான்.

பூவரசன்பட்டிக்கு டிசம்பர் 22 கிடையாது. நினைவு நாள் இல்ல, ட்ரோன் ஷாட் இல்ல, கடைசி ரயில் இல்ல. ஒரு தீவு அழிஞ்சிருக்கு, எந்த நாள்ல அழிஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வால்டர் பெஞ்சமின்னு ஒரு ஜெர்மானிய யூதச் சிந்தனையாளர், ஹிட்லர்கிட்ட இருந்து தப்பிக்கப் போயி 1940ல ஸ்பெயின் எல்லைல உயிர் விட்டவர், பேரழிவுங்கிறது இனிமே வரப்போறது இல்ல, எல்லாம் இப்படியே போய்க்கிட்டு இருக்கு பாரு அதுதான் பேரழிவுங்கிற மாதிரி எழுதியிருக்காரு. அதைப் படிச்சப்ப எனக்கு அவர் மன்னார் வளைகுடாவைப் பாத்துட்டு எழுதுனாரோன்னு இருந்துச்சு. அமெரிக்கப் பூர்வகுடியில இருந்து வந்த தத்துவப் பேராசிரியர் கைல் வைட் இன்னும் நேரா சொல்றாரு, பருவநிலை மாறி உலகம் அழியப்போகுதுன்னு மத்தவங்க பயப்படுறதெல்லாம் எங்க ஜனங்களுக்கு ஏற்கனவே நடந்து முடிஞ்சது, நாங்க அதுக்கு அப்புறம்தான் வாழ்ந்துக்கிட்டு இருக்கோம்னு. தனுஷ்கோடி அக்காவும் அதைத்தான் சொன்னாங்க, ஒரே வரில.

கடல்ல பாசி எடுக்கிற பொம்பளைங்களைக் கேளுங்க, மரிக்கொழுந்து பாசி முன்ன எந்தப் பார்ல எவ்வளவு கிடந்துச்சு இப்ப எவ்வளவு தூரம் போகணும்னு விரல் விட்டுச் சொல்லுவாங்க. 2010லயும் 2016லயும் கடல் சூடாகி பவளம் வெளுத்தப்ப நமக்கு அது பேப்பர்ல ஒரு மூலைச் செய்தி, அவங்களுக்கு கைக்கு எட்டுன பாறை நிறம் மாறுறது. அவங்க கிட்ட போயி உலகம் எப்ப அழியும்னு எந்த சேனலும் மைக்கை நீட்டுறது இல்ல, மாயன் காலண்டர் முடியுது, உலகமும் முடியுதுன்னு 2012ல எத்தனை விவாதம் ஓடுச்சுன்னு நினைச்சா வயிறு எரியுது.

அதனால ஒரு வேண்டுகோள். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்துல இதைப் படிக்கிறவங்க, உங்க வீட்டுல பூவரசன்பட்டித் தீவுல கால் வச்ச பெரியவங்க யாராவது இருக்காங்களான்னு கேளுங்க. அங்க என்ன மரம் நின்னுச்சு, எந்தக் காத்துல அங்க ஒதுங்குவாங்க, கல்லு ஒடைக்கப் போனவங்களுக்கு என்ன கூலி, எந்த வருஷம் மண்ணு தெரியாமப் போச்சு, அவங்க பேசுறதை அப்படியே போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. கல்லு ஒடச்சவங்க கூச்சப்பட்டா பேரு போட வேணாம். எனக்கு அனுப்புனா எழுத்துல ஏத்திக் குடுக்குறேன், ஆளுங்க இருக்கும்போதே செய்யணும்.