டிஸ்க் சொல்லும் நீளத்தை எஃப்எஸ்சிகே நம்பலாமா?

கெட்டுப்போன டிஸ்க்கைத் திறந்து, அதன் ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்துவதற்கென்றே எழுதிய நிரல் எஃப்எஸ்சிகே (fsck). கெட்ட தரவைக் கண்டு அதுவே கிராஷ் ஆனால் யூசருக்கு வேறு போக்கிடம் இல்லை. பெரும்பாலும் ரூட் அனுமதியோடு, அதாவது முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓடுவதால், யாரோ வேண்டுமென்றே தயாரித்த யூஎஸ்பி டிரைவ் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இல், ஃபைல் பெயர்களின் பட்டியல் இருக்கும் டைரக்டரி பிளாக்கையே பார்ப்போம். ஒவ்வொரு என்ட்ரிக்கும் முதல் 8 பைட்: ஐநோடு (ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) எண்ணுக்கு 4, என்ட்ரியின் மொத்த நீளமான ரெக்லெனுக்கு (rec_len) 2, பெயர் நீளத்துக்கு 1, ஃபைல் வகைக்கு 1. பிறகு பெயர். ரெக்லெனைக் கூட்டித்தான் அடுத்த என்ட்ரிக்குப் போகிறோம். அது 0 என்றால் லூப் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மிகப் பெரிது என்றால் பஃபரைத் தாண்டிப் படிக்கும். எனவே முதலில் பிளாக்கில் 8 பைட்டாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே ரெக்லெனைப் படித்து, அது 4-இன் மடங்கா, 8-உடன் பெயர் நீளத்தைக் கூட்டினால் அதற்குள் அடங்குகிறதா, மிச்ச இடத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. 64 கேபி பிளாக்கில் 65536 என்ற நீளம் 16 பிட்டில் அடங்காது. அதனால் அங்கே 65535, 0 இரண்டுக்குமே முழு பிளாக் என்றுதான் பொருள். கண்ணை மூடிக்கொண்டு 0-ஐ நிராகரித்தால் நல்ல டைரக்டரியை நாமே கெடுத்துவிடுவோம்.

ஃபைலின் தரவு டிஸ்க்கில் எந்தெந்தத் தொடர் பிளாக்குகளில் (எக்ஸ்டென்ட்) இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்டென்ட் மரத்தில் என்ட்ரி எண்ணிக்கையை டிஸ்க்கில் உள்ள உச்சவரம்போடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. அந்த வரம்பும் டிஸ்க்கிலிருந்து வந்ததுதானே! இடத்தை வைத்து நீங்களே கணக்கிடுங்கள்: ஐநோடுக்குள் 60 பைட், தலைப்புக்கு 12, என்ட்ரிக்கு 12 வீதம் 4-க்கு மேல் இடமில்லை. சிறிய எண்ணும் ஆபத்தாகலாம். எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே அடங்கிய ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பின் 1.46.5 பதிப்பில் கண்டறிந்த சிவிஇ-2022-1304-க்கு (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) காரணம், ஒரு எக்ஸ்டென்ட்கூட இல்லாத இலை முனை, அதாவது மரத்தின் கடைசி நிலை முனை.

சோதனையை எல்லாப் பாதைகளிலும் வைக்க வேண்டும். ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கில் முதல் மெட்டா குழு எண் (s_first_meta_bg) என்ற மதிப்பு அளவுக்கு மீறினால் பஃபர் வழியும் என்பது சிவிஇ-2015-0247. அதைச் சரிசெய்தபோது திறக்கும் பாதை சரியாகிவிட்டது. எழுதி மூடும் பாதைக்கான திருத்தத்தில் எழுத்துப்பிழை. அதனால் சிவிஇ-2015-1572 என்று இன்னொரு எண்ணும் வந்தது.

தரவு மாறியிருக்கிறதா என்று காட்டும் செக்சம் இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். எக்ஸ்ட்4-இன் செக்சம் முறையான சிஆர்சி32சி தற்செயலான பிழையைப் பிடிக்கும். டிஸ்க் இமேஜை வேண்டுமென்றே தயாரிப்பவர் அதையும் திருப்பிக் கணக்கிட்டு எழுதிவிடுவார். ஃபஸ் செய்யும்போது, அதாவது தாறுமாறாக மாற்றிய இமேஜ்களைத் தானியங்கியாகக் கொடுத்துச் சோதிக்கும்போது, செக்சம் சோதனையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபஸ்ஸர் வாசலிலேயே நின்றுவிடும். பஃபரைத் தாண்டுவது போன்ற நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்யுங்கள். ஒவ்வொரு இமேஜையும் இரண்டு முறை ஓட்டுங்கள்: நிரல் முடியும்போது தரும் எக்சிட் கோடு முதல் முறை 1 (பிழை திருத்தப்பட்டது) என்றால், இரண்டாம் முறை 0 (பிழை இல்லை) வர வேண்டும். மறுபடியும் 1 வந்தால், முதல் ஓட்டத்தின் திருத்தம் முழுமையாகவில்லை, அல்லது அதுவே புதுப் பிழையை எழுதியிருக்கிறது.