அசல் எங்கே?

தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் 26 வருடமாக டைப் அடிக்கிறேன். கடனுக்கு எழுதித் தரும் புரோநோட்டின் வாசகத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கீழே ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கையெழுத்து.

போன வாரம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் மகள், ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் நாயகி போர்ஷியா கருணை பற்றிப் பேசும் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அன்று ராத்திரியே முழுக் கதையையும் சொல்லச் சொன்னேன்.

நண்பனுக்காக வியாபாரி அந்தோனியோ, வட்டிக்கு விடும் யூதன் ஷைலாக்கிடம் 3,000 டுகாட் (பொற்காசு) கடன் வாங்குகிறான். 3 மாதத் தவணை, வட்டி கிடையாது, தவறினால் ஒரு பவுண்டு சதை. நோட்டரியிடம் போய்த்தான் அதையும் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் அந்தச் சதைதான் ஞாபகம் இருக்கும். எனக்கு அசல் மேல்தான் கண்.

கோர்ட்டில் இரண்டு மடங்கு தருகிறோம் என்றபோது ஷைலாக் வேண்டாம் என்கிறான். சதையை எடு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது என்று வக்கீல் வேஷத்தில் வந்த போர்ஷியா மடக்கியதும், அசலையாவது கொடுங்கள் என்கிறான். அதுவும் கிடையாதாம். பிறகு, வெளியாள் ஒருவன் குடிமகன் உயிருக்குக் குறிவைத்தால் சொத்து போகும் என்று ஒரு சட்டத்தை எடுக்கிறார்கள். உயிரை விட்டுவிடுகிறார்கள், ஆனால் கிறிஸ்தவனாக மதம் மாறச் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் கருணை.

“அவன் கத்தியைத் தீட்டிட்டு நின்னாம்மா” என்றாள் மகள். நின்றான்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியூர் வியாபாரிகளின் நம்பிக்கையில்தான் வெனிஸ் பிழைக்கிறது, அதனால் நகரை ஆளும் டியூக்கே சட்டத்தைத் தடுக்க முடியாது என்று மூன்றாம் அங்கத்தில் சொல்வது அந்தோனியோவேதான். அந்த நம்பிக்கையில்தானே ஷைலாக்கும் படியேறினான்?

அவளுக்கு எங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் தச்சு வேலை செய்பவருக்கு 40,000 ரூபாய் கொடுத்திருந்தார். புரோநோட்டுக்கு ஆயுள் 3 வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் கடன்காரர் கொஞ்சமாவது கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 9 நாள்தான் பாக்கி. ஆளைக் காணோம், போனும் அணைத்திருந்தது. நான் பிராது டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் அந்த மனிதரே படியேறி வந்தார். சட்டையெல்லாம் மரத்தூள்.

“இன்னும் ஒரு வாரம் தலைமறைவா இருந்தா நோட்டு செத்துடும்னு சொன்னாங்க அண்ணாச்சி. அதான் வந்தேன்.”

500 ரூபாயை மேஜையில் வைத்து, நோட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, “பிராதை நிறுத்திரும்மா. வட்டி வேண்டாம், அசலைத் தந்தாப் போதும்” என்றார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் வந்திருக்கவே வேண்டாம். இவர் வட்டியை விட்டிருக்கவும் வேண்டாம்.

மகள் புத்தகத்தை மறுபடி திறந்தாள். “அந்த 3,000 டுகாட்டைக் கடைசியில யாராவது கொடுத்தாங்களா?”

ஐந்தாம் அங்கம் முழுக்கத் தேடினோம். அந்தோனியோவின் 3 கப்பல்கள் சரக்கோடு கரை சேர்ந்ததாகக் கடிதம் வருகிறது. கணவன் மனைவிமார் மோதிரத்துக்காகச் சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். அசல் பற்றி ஒரு வரி இல்லை.