ஒரு டிப்பர் குப்பை

எங்கள் வாசலில் குப்பை வண்டி வழக்கமாக நிற்பது அரை நிமிடம். நேற்று பன்னிரண்டு நிமிடம் நின்றது. அந்த விழிப்புணர்வுப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடி எங்கள் தெரு நாய்க்கே மனப்பாடம் ஆகியிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருந்த இவர் எழுந்து வந்து, "யார் வீட்டுல கல்யாணம்?" என்றார்.

எல்லாம் அத்தையால்தான். வேறு யாரால்?

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து அத்தை எங்களோடு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஓசூரில் அவருக்கு ஆகாதவை நிறைய. காலைக் குளிர், தண்ணீர் லாரி, எதிர்வீட்டில் தெலுங்கில் ஆரம்பித்து கன்னடத்தில் சூடேறி தமிழில் சமாதானமாகும் சண்டை. ஆனால் அவர் வயிறு எரிவது ஒன்றே ஒன்றுக்குத்தான். நான் தினமும் குப்பையைத் தூக்கிக் கொடுப்பதற்கு.

நம் பக்கம்தான் தெரியுமே, குப்பை என்றால் எரு. "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்ட பிறகுதான் அத்தை போனில் குழந்தைகள் சௌக்கியமா என்றே கேட்பார். ஒரு டிப்பர் குப்பை என்ன விலை என்பது தங்கம் விலை மாதிரி அவர் விரல் நுனியில் இருக்கும். அப்படிப்பட்டவர் கண் முன்னால் மருமகள் தினம் ஒரு வாளி சொத்தை, ரசீதுகூட வாங்காமல், யாரோ ஒருவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தால்?

நானோ தரம் பிரிப்பதில் கறார். 2019ல் ஓசூர் மாநகராட்சியான நாளிலிருந்து, பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காதது. பியூஸ் போன பல்பு, பேட்டரி, காலாவதி மாத்திரைக்குத் தனியாக ஒரு பழைய பெயின்ட் டப்பா. 2016 திடக்கழிவு விதிகளிலேயே மூன்றாகப் பிரிக்கத்தான் சொல்லியிருந்தது என்று அத்தைக்கு வகுப்பெடுத்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க குழியில எல்லாமே மக்கும்" என்றார். பொய். நான் கல்யாணமாகி வந்த வருஷம் அந்தக் குழியை வெட்டியபோது மாமாவின் ஒற்றை ரப்பர் செருப்பு வந்தது. எப்போது தொலைத்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. வார்கூட அறுந்திருக்கவில்லை. மறு செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு வாரம் போட்டுக்கொண்டு நடந்தார், அது வேறு கதை.

சரி, நேற்றைக்கு வருகிறேன். ஊரிலிருந்து செந்தூராவும் மல்கோவாவும் இரண்டு கூடை வந்து, மூன்று நாளாக வீட்டில் சோறு என்று ஒன்று கிடையாது. பச்சை வாளி முழுக்க மாங்கொட்டை. தூக்கவே முடியவில்லை. வண்டி அக்கா எட்டிப் பார்த்து, "கொட்டை மக்க ரொம்ப நாளாகும்மா, ஓடு கெட்டி. இருந்தாலும் பச்சையிலயே போடு" என்றார். "எங்க போய் மக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அத்தை படியிறங்கி வந்துவிட்டார்.

"உரக்கிடங்குல மக்க வச்சு உரமாக்குவோம் பெரியம்மா. விவசாயிங்க வாங்கிட்டுப் போவாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது.

"தினம் ஒரு வாளி. ஏழு மாசம். எரநூத்திப் பத்து வாளி. எங்க வீட்டுக் குப்பை எங்கே?" என்றார் அத்தை. ஒரு தேதி தவறாத கணக்கு. நான் கேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வண்டிக்குப் பின்னால் ஸ்கூல் வேன், அதற்குப் பின்னால் பால்காரர். அக்கா சிரித்துக்கொண்டே, "நீங்க எந்த ஊரு பெரியம்மா?" என்றார். முடிந்தது. அக்காவுக்கு மத்தூர். அவருடைய சின்ன மாமியாரைக் கட்டிக் கொடுத்தது அத்தையின் ஊரில். அந்தச் சின்ன மாமியாரின் மாடு கன்று போட்டது வரை பேசி முடிக்கும்போது ஸ்கூல் வேன் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போயிருந்தார்.

இன்று காலை அக்கா ஒரு அரிசிப் பையின் அடியில் ஐந்து கிலோ உரம் கொண்டு வந்தார். "உங்க வீட்டுக் குப்பை பெரியம்மா, எண்ணிப் பாத்துக்கோங்க." அத்தை ஒரு கை அள்ளி முகர்ந்தார். "சாணி வாசம் இல்ல. ஆனா மண்ணு வாசம் வருது. தேறும்." கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டுக் கிளறினார். நான் பெருமையோடு, தரம் பிரித்தால் இப்படித்தான் என்று மறுபடியும் வகுப்பை ஆரம்பித்தேன்.

கிளறிய கை நின்றது. விரலிடுக்கில் ஒரு ஷாம்பு பாக்கெட். இரண்டு ரூபாய் பாக்கெட். மூலையைப் பல்லால் கடித்துக் கோணலாகக் கிழித்திருந்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் அப்படிக் கிழிப்பது ஒருத்திதான். ஊரில் ஆயிரம் பேர் அப்படிக் கிழிப்பார்கள் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. குழாயடியில் அதை அலசி, இவருடைய யூனிபார்முக்கும் துண்டுக்கும் நடுவில் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறார். இதை எழுதும்போதும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது.