ஆறு துப்பாக்கி, எட்டு பொம்மை ஆளுங்க

நேத்து ராத்திரி தம்பியும் நானும் 'பெர்ஃபெக்ட் டார்க்' எடுத்தோம். 2000ல நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த துப்பாக்கிச் சுடுற கேம், எங்ககிட்ட இருக்கிறது 2015ல எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ரேர் ரீப்ளே தொகுப்புல உள்ளது. ஒரு மணி நேரம் உட்கார்ந்ததுல சுட்டது கொஞ்சம், செட்டப் பண்ணதுதான் அதிகம்!

ஒரு மேட்ச் செட்டப்ல ஆயுதத்துக்கு ஆறு இடம், கூட எட்டு சிமுலன்ட் வரைக்கும், அதாவது கம்ப்யூட்டரே ஆட்டுற பொம்மை ஆளுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். வெஞ்ச்சிம் தன்னைக் கடைசியா கொன்னவனையே தேடி வரும். பீஸ்சிம் யாரையும் கொல்லாது, ஆனா கிடக்கிற துப்பாக்கியெல்லாம் பொறுக்கிட்டுப் போயிடும். ரெண்டையும் ஒரே மேட்ச்ல விட்டேன். கையில ஒண்ணுமில்லாம ஓடுறவன் பின்னாடியே ஒருத்தன் துரத்துறான். சிரிச்சு மாளல.

மேப் ஃபெலிசிட்டி. பழைய கோல்டன்ஐ கேம்ல வந்த ஃபெசிலிட்டி மேப்பேதான், பெயின்ட் மட்டும் புதுசு. அதுல லேப்டாப் கன்னை ஒரு முனை சுவத்துல ஒட்ட வச்சேன். எறிஞ்சா தானா சுடும். தம்பி நாலு தடவை அதே முனையில வந்து செத்தான்.

"அண்ணே, இது போங்கு" ன்னு கன்ட்ரோலரைப் பிடுங்கி, ஆறாவது இடத்துல ஃபார்சைட் துப்பாக்கியைப் போட்டான். சுவத்தைத் தாண்டிப் பார்க்கும், ஒரே குண்டுல ஆள் காலி. இதைப் போட்டா செட்டப்பே கெட்டுச்சுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேக்கலையே.

அந்தச் செட்டப்பை என் பேர்லயே சேவ் வேற பண்ணி வச்சிருக்கான்.